‘ரிவர்ட்’ என்று எழுதினால் என்ன தவறு? ஒரு கடிதம், ஒன்பது சிவப்பு வட்டங்கள்

தோல்மண்டிக் கணக்கர் (ராணிப்பேட்டை)

இருபது ஆண்டுகளாகத் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். போன மாதம் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். நேற்று நான் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்த ஒரு பக்கக் கடிதம் என் மேசைக்கே திரும்பி வந்தது. அதில் ஒன்பது சிவப்பு வட்டங்கள். சுழித்ததோடு சரி, ஏன் என்று ஓரத்தில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, “இது முறையான ஆங்கிலம் இல்லை” என்றார், அவ்வளவுதான்.

வட்டத்துக்குள் சிக்கியவை: என்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ‘மைசெல்ஃப்’, ‘டிஸ்கஸ்டு அபவுட்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ப்ரீபோன்’, ‘அப்டேஷன்’, ‘தி சேம்’, ‘கைண்ட்லி இன்டிமேட்’, ‘ரிவர்ட் பேக்’, கடைசி வரியில் ‘டூ த நீட்ஃபுல்’.

இதில் பாதியை அரசாங்கக் கடிதங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இத்தனை நாள் எந்த வெளிநாட்டு வாடிக்கையாளரும் புரியவில்லை என்று சொன்னதில்லை. இவை உண்மையிலேயே தவறா, அல்லது வந்த புதிதில் வாளைச் சுழற்றுகிறாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

வாள்தான் அண்ணா. முன்தேதிக்கு மாற்றுவது என்ற ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ இருக்கலாம், ‘ப்ரீபோன்’ இருக்கக் கூடாதா? அமெரிக்கர்கள் தங்கள் இஷ்டத்துக்கு எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. நாம் ஒரு சொல்லை உருவாக்கினால் மட்டும் சிவப்பு மை. இது இன்னும் வெள்ளைக்காரனுக்கு அஞ்சும் புத்தி.

குடியாத்தம் வாத்தியார்

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். கணக்கர் ஐயாவின் ஒன்பது வட்டங்களும் ஒரே சாதி அல்ல. ஒரே மையால் சுழித்ததுதான் அந்த மேலாளர் செய்த பிழை. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

‘டிஸ்கஸ்டு அபவுட்’ தவறு, இதில் வாதத்துக்கே இடமில்லை. தமிழில் ‘விலையைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம். அந்தப் ‘பற்றி’ நம் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்திலும் தனக்கு ஒரு நாற்காலி கேட்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது. விலையை டிஸ்கஸ் செய்தோம், முடிந்தது. ஆனால் ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக மாறினால் ‘அபவுட்’ வரலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்காமல் வெறுமனே அடித்தால் பையன் ‘டிஸ்கஷன் அபவுட்’டையும் சேர்த்து அடித்துவிடுவான். வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

‘ரிவர்ட் பேக்’கில் இரண்டு கோளாறு. ‘பேக்’ தேவையில்லை என்பது ஒன்று. ‘ரிட்டர்ன் பேக்’ என்று எழுதுவதும் இதே கதைதான். ‘திருப்பிக் கொடு’ என்று நாம் ‘திருப்பி’யைத் தனியாகச் சொல்லிப் பழகியவர்கள், ஆங்கில வினைக்குள் ‘திருப்பி’ இருப்பது நம் காதில் விழுவதில்லை. இரண்டாவது கோளாறு பெரியது. ‘ரிவர்ட்’ என்றால் பதில் எழுதுவது அல்ல, பழைய நிலைக்கே திரும்பிப் போவது. பதில் எழுதுவது என்ற பொருள் இந்தியாவிலும் சிங்கப்பூர் பக்கத்திலும்தான் பரவலாகப் புழங்குகிறது.

‘அப்டேஷன்’ எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். ‘கிரியேட்’ என்பதிலிருந்து ‘கிரியேஷன்’ வருகிறது. அதே அச்சில் ‘அப்டேட்’டையும் வார்த்துவிட்டோம். ஆனால் அதன் வாலில் இருப்பது தேதி என்ற ‘டேட்’. அது லத்தீன் வினை விகுதி இல்லை. ‘அப்டேட்’ என்பதே பெயராகவும் வினையாகவும் போதும். இன்று எந்தச் சேவை மையத்துக்குப் போனாலும் ஆதார் ‘அப்டேஷன்’ என்று தட்டி தொங்குகிறது. தட்டியை இறக்கச் சொல்லமாட்டேன், கடிதத்தில் எழுத வேண்டாம் என்பேன்.

‘மைசெல்ஃப்’ விஷயத்தில் வெள்ளைக்காரனும் தப்பவில்லை. ‘என்னையோ மேலாளரையோ அணுகுங்கள்’ என்ற இடத்தில் ‘மீ’ போடக் கூச்சப்பட்டு ‘மைசெல்ஃப்’ போடுகிறவர்கள் அங்கேயும் நிறைய. என்னை நானே கண்ணாடியில் பார்க்கும்போதும், ‘நானே செய்தேன்’ என்று அழுத்திச் சொல்லும்போதும்தான் அந்தச் சொல்லுக்கு வேலை.

மிச்சத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுதுகிறேன்.

தோல்மண்டிக் கணக்கர் (ராணிப்பேட்டை)

ஐயா, ‘ரிவர்ட்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைந்தது. நாலு வருடத்துக்கு முன் நடந்த ஒன்று இப்போதுதான் விளங்குகிறது.

ஜெர்மனியில் ஒரு ஷூ கம்பெனிக்கு, ஷூவின் மேல்பகுதிக்கான தோல் அனுப்பினோம். முதலில் 1.4 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிமன் கேட்டார்கள். மாதிரி போன பிறகு 1.2 முதல் 1.4 போதும் என்று மாற்றினார்கள். ஷேவிங் எந்திரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று, தடிமன் குறித்து வெள்ளிக்கிழமை ‘ரிவர்ட்’ செய்கிறோம் என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை காரசாரமாக ஒரு பதில்: பழைய தடிமனுக்குத் திரும்ப வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறோமே, ஏன் திரும்புகிறீர்கள்? நானும் சூப்பர்வைசரும் தலையைச் சொறிந்துகொண்டோம். அந்த ஆளுக்கு ஆங்கிலம் வராது போலிருக்கிறது என்று முடிவு கட்டினோம். வராதது யாருக்கு என்று இன்றைக்குத் தெரிந்தது.

காட்பாடி ஜங்ஷன்

சரி அண்ணா, ‘ரிவர்ட்’டை விட்டுக்கொடுக்கிறேன். ‘ப்ரீபோன்’னை விடமாட்டேன்.

கோட்டை அகழி (வேலூர்)

‘ப்ரீபோன்’ நாம் உருவாக்கியது என்ற பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இதே பொருளில் 1913-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றில் அந்தச் சொல் இருக்கிறது. அங்கே முளைக்கவில்லை, இங்கே வேர் பிடித்தது.

நான் எழுத வந்தது ‘டூ த நீட்ஃபுல்’ (‘ஆவன செய்க’) பற்றி. அது நம் கண்டுபிடிப்பே அல்ல. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே தங்கள் அலுவலகக் கடிதங்களில் எழுதிய நல்ல ஆங்கிலம்தான். அவர்கள் ஊரில் வழக்கொழிந்தது, இங்கே கோப்புக்குள் உயிரோடு இருக்கிறது. சித்தப்பா ஊரை விட்டுப் போன பிறகும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிற மாதிரி.

‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று விடுப்புக் கடிதத்தில் எழுதுகிறோமே, அதுவும் அந்தக் காலத்துச் சட்டைதான். ‘ஸ்டேஷன்’ என்றால் ரயில் நிலையம் இல்லை. மாவட்ட ஆங்கில அதிகாரிகளும் படை அதிகாரிகளும் குடியிருந்த இடம். யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. பர்னெல் சென்னை மாகாணச் சிவில் சர்வீஸில் இருந்தவர். அந்தப் பதிவில் ஒரு வேடிக்கை: கோட்டைக்குள் இருக்கும் படை என்றால் அது ‘ஸ்டேஷன்’ கணக்கில் சேராது என்று அடைப்புக்குறிக்குள் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி, சிப்பாய்ப் புரட்சி வெடித்த 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் ‘ஸ்டேஷனில்’ இல்லை! இன்று வேலூரின் ஆபீசர்ஸ் லைன் தெருவில் ஆட்டோ பிடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

குடியாத்தம் வாத்தியார்

அகழியார் சொன்ன சட்டை உவமை பிடித்திருக்கிறது. ஆனால் ‘நீட்ஃபுல்’லில் எனக்குள்ள குறை அது பழசு என்பதில்லை. ‘ஆவன செய்க’ என்று எழுதிவிட்டு நாம் ஒதுங்கிவிடுகிறோம். எது ஆவன? பணம் அனுப்புவதா, மாதிரியை ஒப்புக்கொள்வதா, கப்பல் ரசீதில் கையெழுத்திடுவதா? எழுதியவருக்கே தெரியாதபோதுதான் அந்தச் சொற்றொடர் கை கொடுக்கிறது. என்ன வேண்டுமோ அதைக் கேட்டுவிட்டால் அது தானாக விழுந்துவிடும்.

‘இன்டிமேட்’ தெரிவிப்பது என்ற வினையாக ஆங்கிலத்தில் உண்டு, பிழையில்லை. ஆனால் அதே எழுத்துகளுக்கு ‘நெருக்கமான’ என்றும் பொருள் இருப்பதால் வெளிநாட்டுக்காரர் ஒரு நொடி திகைப்பார். ‘இன்ஃபார்ம்’ போட்டால் போயிற்று. ‘தி சேம்’ என்பது ‘மேற்படி’யின் மொழிபெயர்ப்பு. ‘இட்’ என்ற இரண்டெழுத்து அந்த வேலையைச் செய்யும்.

‘எக்விப்மென்ட்’ பன்மை ஏற்காது. ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எவிடன்ஸ்’, ‘லக்கேஜ்’ எல்லாம் இந்த வகைதான். தமிழில் கருவிகள், தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள் என்று கூசாமல் பன்மை சொல்கிறோம். அந்தக் ‘கள்’தான் அங்கே ‘எஸ்’ ஆகப் போய் ஒட்டிக்கொள்கிறது.

கோட்டை அகழி (வேலூர்)

எல்லாப் பழியையும் தமிழ் மேல் போடாதீர்கள் வாத்தியாரே. சந்தையில் ‘பத்து மாம்பழம் கொடு’ என்றுதான் கேட்கிறோம், ‘பத்து மாம்பழங்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்துக்குப் போனதும்தான் எங்கே பார்த்தாலும் ‘எஸ்’ ஒட்டும் பயம் வருகிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியது உங்கள் பிரம்பு.

தோல்மண்டிக் கணக்கர் (ராணிப்பேட்டை)

எங்கள் இத்தாலிக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதுகிறார். அவருக்கு யாரும் வட்டம் போடுவதில்லை.

குடியாத்தம் வாத்தியார்

அகழியாரே, பிரம்பை ஒப்புக்கொள்கிறேன். கணக்கர் ஐயா, அது தற்செயல் இல்லை. இத்தாலிய மொழியில் தகவலுக்குப் பன்மை உண்டு. அவர் தலைக்குள் அவர் தாய்மொழி உட்கார்ந்திருக்கிறது. அவரவருக்கு அவரவர் நாற்காலி.

பாகாயம் செவிலி

இரவுப் பணி முடித்து வந்து படித்தேன். வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எழுத்துத் தாளுக்கு 45 நிமிடம். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, பெரும்பாலும் வேறொருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதச் சொல்வார்கள். என் பயிற்சிக் கடிதத்தைத் திருத்திய அக்கா ஒரு வரியை எடுத்து உரக்கப் படித்தார்: நோயாளிக்கு ‘பி.பி. இருக்கிறது’. “இல்லாவிட்டால் அவரைப் பிணவறைக்கு அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்?” என்றார். ரத்த அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது, இவருக்கு அதிகம் என்பதைத்தானே எழுத வேண்டும்! ஆறு ஆண்டாக வார்டில் சொல்லிச் சொல்லி எனக்கு அது உறைக்கவே இல்லை. ‘சுகர் இருக்கிறது’ என்பதும் அப்படித்தான்.

அடுத்த அடி, மூன்று நாளாக வலி. ‘மூன்று நாளாக வலிக்கிறது’ என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே ‘இஸ் ஹேவிங் பெயின் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்று எழுதியிருந்தேன். ‘ஹேஸ் ஹேட் பெயின் ஃபார் த்ரீ டேஸ்’ என்று இருக்க வேண்டுமாம். ‘சின்ஸ்’ வந்தால் எந்தக் கிழமை என்று தொடக்கத்தைச் சொல்ல வேண்டும், எத்தனை நாள் என்று அளவைச் சொன்னால் ‘ஃபார்’. இதை மட்டும் நாற்பது தடவை எழுதிப் பழகினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எத்தனை பேர் சிகிச்சைக்கு வருகிறார்கள், தெருவெல்லாம் வங்காள எழுத்தில் விடுதிப் பலகைகள். எனக்கு வங்காளம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ‘லூஸ் மோஷன்’ என்று கேட்டால் உடனே தலையை ஆட்டுகிறார்கள். முறையான மருத்துவச் சொல்லைச் சொன்னால் விழிக்கிறார்கள். கட்டிலருகே ஒன்று, காகிதத்தில் ஒன்று என்று இரண்டும் எனக்கு வேண்டியிருக்கிறது.

காட்பாடி ஜங்ஷன்

அக்கா சொன்னதுதான் என் கட்சி. ‘ப்ரீபோன்’ இந்தியாவுக்குள் காகிதத்திலும் இருக்கட்டும்.

குடியாத்தம் வாத்தியார்

இருக்கட்டும் தம்பி. சென்னைக் கிளைக்கு எழுதும்போது எழுது. ஜெர்மனிக்கு எழுதும்போது கூட்டத்தை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்கு மாற்றியிருக்கிறோம் என்று இரண்டு தேதியையும் எழுதிவிடு. சொல்லே தேவைப்படாது.

ஆவண எழுத்தர் (சத்துவாச்சாரி)

நீதிமன்றப் பக்கம் தட்டச்சுப் பொறி வைத்து உட்கார்ந்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவன். தமிழில் சொல்வதை ஆங்கிலப் பிரமாணப் பத்திரமாக்குவது தொழில். நீங்கள் பேசுகிற வட்டமெல்லாம் எங்களுக்குப் பணமும் வழக்கும்.

உதாரணத்துக்கு வாரிசு விவகாரம். ‘இறந்தவருக்கு டூ இஷ்யூஸ்’ என்று எழுதுவது இங்கே வழக்கம். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பெரியவர் அதைக் கண்டால் தாளையே கிழித்துவிடுவார். சட்ட ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’ என்பது வம்சம் என்ற மொத்தப் பெயர். ‘வித்தவுட் இஷ்யூ’ என்றால் சந்தானம் இல்லாமல் என்று பொருள், அது சரி. தலையை எண்ணும்போது இரண்டு ‘சில்ட்ரன்’ என்று எழுத வேண்டும். ‘டூ இஷ்யூஸ்’ என்றால் இரண்டு பிரச்சினைகள். பங்குச் சண்டை போடும் பிள்ளைகளைப் பார்த்தால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

இன்னொன்று, ‘கோ-பிரதர்’. சகலைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. நம் ஆட்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். அதே போல ஓரகத்திக்கு ‘கோ-சிஸ்டர்’. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் எழுதினால் வேறு மாநில வங்கிக்காரர் கூட்டாளியா, கூடப் பிறந்தவரா என்று குழம்புகிறார். ‘மனைவியின் சகோதரியின் கணவர்’ என்று நீட்டித்தான் எழுதுகிறேன். உறவில் நாம் பணக்காரர்கள், ஆங்கிலம் ஏழை. இதில் நமக்கு வெட்கம் எதற்கு?

வாத்தியார் ‘ரிவர்ட்’ பற்றிச் சொன்னது எங்கள் தொழிலில் நேரடியாகவே உண்டு. குத்தகை முடிந்ததும் நிலம் சொந்தக்காரருக்கே திரும்புவதற்கு அந்தச் சொல்தான்.

காட்பாடி ஜங்ஷன்

நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஒரு பட்டியல் தந்தார்கள். ‘முறையான ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய நூறு சொற்கள்’. முதலிடத்தில் ‘இர்ரிகார்ட்லெஸ்’. பிறகு ‘குட் ஆஃப்’, ‘எனிவேஸ்’, ‘எய்ன்ட்’. இதெல்லாம் நான் வாழ்நாளில் எழுதியதே இல்லை. எழுதாததைத் தவிர்ப்பது எப்படி?

குடியாத்தம் வாத்தியார்

தம்பி, நீ விளையாட்டாகக் கேட்டாலும் இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

அந்தப் பட்டியல் ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களுக்காகப் போட்டது. அவர்கள் காதால் கற்றவர்கள். ‘குட் ஹேவ்’ என்பதைச் சேர்த்துச் சொல்லும்போது ‘ஹேவ்’ தேய்ந்து ‘ஆஃப்’ போலக் கேட்கிறது, கேட்டதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். நாம் கண்ணால் கற்றவர்கள். கரும்பலகையில் பார்த்தது மறக்காது. அதனால் அந்தப் பிழை நம் பிள்ளைகளிடம் அரிது. ‘இர்ரிகார்ட்லெஸ்’ஸும் அவர்கள் சரக்குதான். ‘ரிகார்ட்லெஸ்’ (பொருட்படுத்தாமல்) என்பதற்குப் பதிலாக எழுதுவது; முன்னாலும் ஒரு ‘இல்லை’, பின்னாலும் ஒரு ‘இல்லை’. 1795 முதலே அச்சில் உண்டு. அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டர் 1934-லேயே அதைப் பதிவு செய்து, தரமற்ற வழக்கு என்ற முத்திரையும் குத்தியிருக்கிறது. 2020-ல் யாரோ அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, அகராதியே கெட்டுவிட்டது என்று இணையத்தில் ஒப்பாரி வைத்தார்கள். அகராதி ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற புத்தகம். பெயர் இருப்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். ‘ப்ரீபோன்’னுக்கு நீ அகராதியைக் காட்டியபோதே இதைச் சொல்ல நினைத்தேன்.

நமக்கு வேண்டியது நம் பட்டியல். ‘பற்றி’ எங்கே நுழைகிறது, ‘திருப்பி’ எங்கே நுழைகிறது, ‘தான்’ எங்கே ‘ஒன்லி’யாக வால் பிடிக்கிறது, ‘இன்றைக்கே’யின் ஏகாரம் எப்படி ‘டுடே இட்செல்ஃப்’ ஆகிறது, ‘சந்தேகம் கேட்கிறேன்’ எப்படி ‘ஐ ஹேவ் எ டவுட்’ ஆகி, எதிரில் இருப்பவரை நம்பவில்லை என்பது போலத் தொனிக்கிறது. இதை அமெரிக்காவில் யாரும் தொகுத்துத் தரமாட்டார்கள்.

கோட்டை அகழி (வேலூர்)

அதோடு வாத்தியார்களின் மூடநம்பிக்கைகளுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். எண்ணக்கூடியதற்கு ‘லெஸ்’ வரவே கூடாது, ‘ஃபியூவர்’தான் என்று எங்களை முட்டி போட வைத்தார்கள். அது ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-ல் தமக்கு இப்படி எழுதினால் நேர்த்தியாகத் தோன்றுகிறது என்று சொன்ன சொந்த விருப்பம். அதுவே பின்னால் சட்டமாகிவிட்டது. வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் (‘ப்ரெபொசிஷன்’) வரக் கூடாது என்பது 1672-ல் கவிஞர் டிரைடன் நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் கண்டுபிடித்த குற்றம்.

குடியாத்தம் வாத்தியார்

‘லெஸ்’ஸுக்காக நானும் முட்டி போட வைத்திருக்கிறேன். அந்தப் பையன்களில் ஒருவர் நீங்களாக இருந்தால் மன்னிக்கவும். ஆனாலும் தேர்வுத் தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் ‘ஃபியூவர்’ என்றே எழுதச் சொல்வேன். திருத்துகிறவர் பேக்கரைப் படித்திருக்க மாட்டார், என்னைப் போன்ற ஒருவரிடம்தான் படித்திருப்பார்.

பாகாயம் செவிலி

ஐயா, ‘ஸ்டேஷனரி’ எழுத்துக் குழப்பத்துக்கு ஏதாவது வழி உண்டா? லாங் பஜாரில் நோட்டுப் புத்தகம் வாங்கப் போனால் கடைக்குக் கடை ஒரு விதமாக எழுதியிருக்கிறது.

குடியாத்தம் வாத்தியார்

என்வலப்பின் முதல் எழுத்து எதுவோ அது காகிதக் கடைக்கு. ‘ஏ’ போட்டால் நகராமல் நிற்பது. நகராத கடைதான், அதனால் முழுத் தவறென்றும் சொல்ல முடியாது.

தோல்மண்டிக் கணக்கர் (ராணிப்பேட்டை)

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து கடிதத்தைத் திரும்ப எழுதினேன். ஒன்பது வட்டமும் போய்விட்டது. ஒரு பக்கம் இருந்தது முக்கால் பக்கமாகிவிட்டது. இன்று காலை மேலாளர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். மாலைத் தபாலில் போகிறது. கடைசி வரி இதுதான்: ‘வி வில் ரிப்ளை ஆன் த திக்னெஸ் வித்தின் ஃப்ரைடே’.

குடியாத்தம் வாத்தியார்

நிறுத்துங்கள். அனுப்பிவிட்டீர்களா?

‘வெள்ளிக்கிழமைக்குள்’. அந்தக் ‘குள்’தான் ‘வித்தின்’ ஆகியிருக்கிறது. ‘வித்தின்’ வந்தால் இத்தனை நாளுக்குள், இத்தனை மணிக்குள் என்று ஓர் அளவு பின்னால் வர வேண்டும். கிழமைக்கு ‘பை ஃப்ரைடே’.

தோல்மண்டிக் கணக்கர் (ராணிப்பேட்டை)

உறை இன்னும் ஒட்டவில்லை ஐயா. ஆனால் தாளை மாற்றினால் மறுபடி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏன் மாற்றினாய் என்று கேட்பார். அவர் கண்ணில் படாததை நான் எப்படிச் சொல்வது?

ஆவண எழுத்தர் (சத்துவாச்சாரி)

சிவப்புப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.